வான்கோழி வேட்டைக்கு எந்தத் தோட்டா, சொந்தமாக நிரப்பலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இது: பென்சில்வேனியாவில் எச்1பி விசாவில் இருக்கிறீர்கள், வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்து உரிமமும் எடுத்தாயிற்று, கையில் 3 அங்குல சேம்பர் (குழலில் தோட்டா உட்காரும் அறை) உள்ள 12 கேஜ் பம்ப் ஷாட்கன் இருக்கிறது (கேஜ் என்பது குழலின் பருமன், எண் கூடினால் குழல் சிறுக்கும்), வரும் வசந்தகால சீசனில் முதல் வான்கோழி. கடையில் ரவை (தோட்டாவுக்குள் இருக்கும் சின்ன உலோகக் குண்டுகள்) எண் 4, 5, 6, டிஎஸ்எஸ் 9 என்று அடுக்கியிருப்பதைப் பார்த்துக் குழம்பிப்போனீர்கள். கூட வேலை பார்க்கும் நண்பர் "அந்த விலை கொடுக்காதே, நாமே நிரப்பிக்கொள்ளலாம்" என்கிறார். எதை வாங்குவது, நிரப்பினால் மிச்சமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். "எவ்வளவு தூரத்தில் சுட்டால் பறவை அடிபட்டு ஓடாமல் நின்ற இடத்திலேயே விழும்" என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. அதற்கான விடை தோட்டாப் பெட்டியின் மேல் எழுதியிருக்காது. உங்கள் துப்பாக்கியும் சோக்கும் (ரவை சிதறாமல் குழல் முனையைக் குறுக்கும் குழாய்) அந்தத் தோட்டாவும் சேர்ந்து ஒரு தாளில் போடும் ஓட்டைகளை எண்ணினால்தான் தெரியும்.

நான் இங்கே 16 வசந்தங்களாக வான்கோழிக்குப் போகிறேன், அதில் கடைசிப் பத்து ஆண்டுகளாகச் சொந்தமாகத் தோட்டா நிரப்புகிறேன். எல்லாமே கிழக்குக் காடுகளில், ஈஸ்டர்ன் இனப் பறவையிடம் கற்றது. மேற்கே மெரியம்ஸ், ரியோ கிராண்டே இனங்களைத் தேடிப்போன அனுபவம் எனக்கு இல்லை, அங்கே வேட்டையாடுபவர்கள் வேறு கணக்குச் சொல்லலாம். இரண்டாவது ஆண்டு நான் செய்த ஒரு தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய சேவல் ஓடைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. 40 கஜம் இருக்கும் என்று நினைத்துச் சுட்டேன். இறகு பறந்தது, பறவை தடுமாறி எழுந்து மேட்டைத் தாண்டி ஓடிவிட்டது. மதியம் வரை தேடினேன், கிடைக்கவில்லை. மறுநாள் தூரமானியோடு போய் அளந்தால் 56 கஜம். அந்தத் தோட்டாவை அதுவரை நான் ஒரு தாளில்கூடச் சுட்டுப் பார்த்ததில்லை. அந்தப் பறவை எங்கேயோ புதருக்குள் கிடந்து செத்திருக்கும். அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் கனக்கிறது. கீழே எழுதுவதெல்லாம் உங்களுக்கு அப்படி ஒன்று நடக்கக் கூடாது என்பதற்காகத்தான்.

வான்கோழியை உடம்பில் சுடக் கூடாது. நெஞ்சை அடர்ந்த இறகும் தடித்த சதையும் மூடியிருக்கின்றன, இறக்கை எலும்பு கெட்டி. ரவை உள்ளே போனாலும் பறவை ஓடும், பறக்கும். உடனே விழவேண்டுமானால் மூளையிலோ கழுத்தெலும்பிலோ பட வேண்டும். தலையிலிருந்து கழுத்தடி வரைக்கும் ஒரு முழங்கை நீளம்கூட இல்லை, அகலம் இரண்டு விரல், அதுவும் ஆடிக்கொண்டே இருக்கும். இதனால்தான் வான்கோழித் தோட்டாவில் நிறைய ரவையும், அதைச் சிதறாமல் கொண்டுபோகும் இறுக்கமான சோக்கும் தேவைப்படுகின்றன. பழைய வேட்டைக்காரர்கள் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்று உண்டு: 10 அங்குல வட்டத்துக்குள் 100 ரவை. எந்தத் தூரம் வரைக்கும் உங்கள் துப்பாக்கி அதைத் தருகிறதோ அதுதான் உங்கள் எல்லை. சிலருக்கு அது 40 கஜம், சிலருக்கு 32. இது விஞ்ஞான விதி இல்லை, அனுபவத்தில் திரண்ட கணக்கு. ஆனால் இதை மதித்து நடந்த காலத்தில் நான் ஒரு பறவையையும் காயத்தோடு தவறவிட்டதில்லை.

சரி, ரவையின் எண்ணுக்கு வருவோம். எண் கூடக்கூட ரவை சிறுக்கும். 17-இலிருந்து எண்ணைக் கழித்தால் விட்டம் ஓர் அங்குலத்தில் நூறில் எத்தனை பங்கு என்று கிடைத்துவிடும்: 4-ஆம் நம்பர் 0.13 அங்குலம், 5 என்றால் 0.12, 6 என்றால் 0.11, 9 என்றால் 0.08. ஈயத்தில் ஓர் அவுன்ஸுக்கு 4-ஆம் நம்பர் சுமார் 135 ரவை, 5-ஆம் நம்பர் 170, 6-ஆம் நம்பர் 225. 12 கேஜ், 3 அங்குலத் தோட்டாவில் வழக்கமாக வரும் 1¾ அவுன்ஸுக்குப் பெருக்கினால் முறையே 236, 297, 394. ஆக 4-ஆம் நம்பர் ஆழமாக இறங்கும், ஆனால் எண்ணிக்கை குறைவு, தூரத்தில் கழுத்தைச் சுற்றி ஓட்டை விழும்போது நடுவில் இடைவெளி விட்டுவிடும். 6-ஆம் நம்பர் தாளை நிறைக்கும், ஆனால் சின்ன ஈய ரவை காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். ஈயம்தான் என்றால் நான் 5 எடுப்பேன், கிட்டத்தில் மட்டும் சுடுபவருக்கு 6 போதும். 4 வேண்டாம் என்பது என் கருத்து. 4 மட்டுமே வைத்து முப்பது ஆண்டு வேட்டையாடியவர்களும் இங்கே உண்டு, அவர்கள் சோக் அதற்கு ஒத்துவந்திருக்கிறது.

டிஎஸ்எஸ் என்பது டங்ஸ்டன் கலவை. ஒரு கன செ.மீ. ஈயம் 11 கிராம் சொச்சம், இது 18 கிராம். இந்த ஒரு வித்தியாசம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. ரவை எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதை அதன் எடை, அது முட்டும் பரப்பு, வேகம் மூன்றும் தீர்மானிக்கின்றன. 9-ஆம் நம்பர் டிஎஸ்எஸ் ரவையின் எடை 5-ஆம் நம்பர் ஈய ரவையில் பாதிக்கும் கீழ்தான், ஆனால் அதன் முகப்பரப்பு அதைவிடவும் குறைவு. ஆகவே பரப்புக்கு ஏற்ற எடை ஈயத்தைவிட ஒரு மயிரிழை கூடுதலாகவே வருகிறது. அதாவது ஈயம் 5 செய்யும் வேலையை அது செய்துவிடும், அதே நேரம் ஓர் அவுன்ஸில் 170-க்குப் பதில் சுமார் 360 ரவை அடங்கும். அதிலும் அது நசுங்காது, உருண்டையாகவே போகும், சிதறல் குறைவு. இதன் விளைவைப் பாருங்கள்: .410 என்ற சின்னஞ்சிறு துப்பாக்கியில் 13/16 அவுன்ஸ் டிஎஸ்எஸ் 9 போட்டால் 290 ரவைக்கு மேல். 12 கேஜில் 1¾ அவுன்ஸ் ஈயம் 5 போட்டால் கிடைக்கும் அதே எண்ணிக்கை! அதனால்தான் இப்போது 20 கேஜும் .410-உம் தோளில் போட்டுக்கொண்டு வருகிறார்கள், பத்து வயதுப் பிள்ளைகள்கூட உதைக்குப் பயப்படாமல் சுடுகிறார்கள்.

குறை என்னவென்றால் விலை. கடையில் ஒரு தோட்டாவே பத்து டாலருக்கு மேல். ஆனால் ஒரு சீசனில் நீங்கள் பறவையைப் பார்த்துச் சுடப்போவது ஒன்றோ இரண்டோ. தாளில் சோதிக்க நான்கைந்து. ஓர் ஐந்து தோட்டாப் பெட்டி இரண்டில் முடிந்துவிடும் செலவு இது, பெட்ரோலுக்கு அதைவிட அதிகம் போகும். ஒன்று மட்டும் எச்சரிக்கை: டிஎஸ்எஸ் 60 கஜத்திலும் தாளில் அழகாகப் புள்ளி போடும், அதைப் பார்த்து 60 கஜத்தில் சுடலாம் என்ற ஆசை வரும். அந்தத் தூரத்தில் விசையை இழுத்த பிறகு பறவை தலையை ஒரு சாண் அசைத்தாலே குறி போய்விடும், நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சுள்ளி ரவைக் கூட்டத்தைக் கலைத்துவிடும். கிட்டே அழைத்து வரவைப்பதுதான் இந்த வேட்டையின் உயிரே. நல்ல தோட்டாவை 30 கஜத்துக்குள் உறுதியாக விழவைக்கப் பயன்படுத்துங்கள்.

3½ அங்குலத் தோட்டா பற்றிக் கேட்டீர்கள். உங்கள் துப்பாக்கியில் அதைப் போடவே கூடாது. குழலில் 3 அங்குலம் என்று பொறித்திருக்கிறதா, அதற்கு மேல் நீளமான தோட்டா கிடையாது, பேச்சே இல்லை. நீளத் தோட்டா சில சமயம் உள்ளே போய்விடும், ஏனென்றால் தோட்டா வாயின் மடிப்பு விரிந்த பிறகுதான் அதற்கு முழு நீளம் தேவைப்படும். விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். 12 கேஜில் 3 அங்குலத் தோட்டாவுக்கு அமெரிக்கத் தோட்டாத் தயாரிப்பாளர்களின் தர அமைப்பான சாமி (SAAMI) வைத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு, 3½ அங்குலத்துக்கு 14,000. வேறு துப்பாக்கி வாங்கலாமா என்றால், 3½ அங்குலம் 1988-இல் வந்தது வாத்து வேட்டையில் ஈயம் போய் எஃகு வந்த காலத்துத் தேவைக்கு; டிஎஸ்எஸ் கிடைக்கும் இன்றைக்கு வான்கோழிக்கு அது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. உதை பலமாக இருக்கும், அதை எதிர்பார்த்தே தோள் துள்ளும், குறி தவறும். இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன்: வீட்டில் 20 கேஜும் 12 கேஜும் இருந்தால் இரண்டையும் ஒரே சட்டைப் பையில் போடாதீர்கள். 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலுக்குள் வழுக்கிப்போய் நடுவில் உட்கார்ந்துகொள்ளும், அது தெரியாமல் பின்னால் 12 கேஜ் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 கேஜ் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வதே இதற்காகத்தான்.

இப்போது தாள். கட்டடச் சாமான் கடையில் தரைக்கு விரிக்கும் பழுப்புத் தாள் சுருளாகக் கிடைக்கும், மூன்றடிக்கு மூன்றடி வெட்டி நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி வையுங்கள். முதலில் விலை குறைந்த லேசான தோட்டாவால் 15 கஜத்தில் மேசை மேல் தாங்கி வைத்துச் சுட்டு, குறி வைத்த இடத்திலேயே படுகிறதா என்று பாருங்கள். பல துப்பாக்கிகள் ஒரு பக்கம் இழுக்கும். என்னுடையது 40 கஜத்தில் ஐந்து அங்குலம் மேலே இடப்பக்கம் போனது, ஒரு சிவப்புப் புள்ளி சைட் மாட்டித் திருத்திய பிறகுதான் சரியானது. அப்புறம் வேட்டைத் தோட்டாவை 40 கஜத்தில் சுட்டு, அடர்த்தியான இடத்தைச் சுற்றி 10 அங்குல வட்டம் வரைந்து எண்ணுங்கள். ஒன்றை நம்பாதீர்கள், மூன்றாவது சுட்டுச் சராசரி பாருங்கள். நூறு வரவில்லையா, ஐந்து கஜம் முன்னால் வாருங்கள். அதற்கு முன் சோக்கை மாற்றியும் பார்க்கலாம்: 12 கேஜ் குழலின் உள்விட்டம் 0.729 அங்குலம், சாதாரண ஃபுல் சோக் அதை 0.695 அளவுக்குச் சுருக்கும், வான்கோழிச் சோக்குகள் 0.660 பக்கம் இருக்கும். எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நல்லது என்று நினைக்க வேண்டாம், ஓர் அளவுக்கு மேல் ரவைகள் ஒன்றையொன்று முட்டிக் கலைந்துவிடும். எந்த ஜோடி ஒத்துவரும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஒரே மாடல் துப்பாக்கி இரண்டு வேறுவேறாகச் சுட்டதை நானே பார்த்திருக்கிறேன். எஃகு ரவையை மட்டும் இந்த இறுக்கமான சோக்குகளில் சுடவே வேண்டாம்.

கடைசியாக 15 கஜத்தில் ஒரு தாள் சுடுங்கள், இதைத்தான் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். ரவை முழுவதும் கைமுஷ்டி அளவுக்குள் போயிருக்கும். 40 கஜத்துக்கென்று இறுக்கிய துப்பாக்கியால் பத்து கஜத்தில் நிற்கும் பறவையைத் தவறவிடுவது ரொம்பச் சுலபம் என்று அந்தத் தாள் சொல்லும். கன்னத்தைக் கட்டையிலிருந்து தூக்கிப் பறவையைப் பார்க்கிற பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது, கன்னம் தூக்கினால் ரவை தலைக்கு மேலே போகும். தோகை விரித்து நிற்கும்போது கழுத்து உள்ளே மடிந்திருக்கும், அப்போது சுடாதீர்கள். வாயில் இருக்கும் ஊதலில் சட்டென்று ஒரு சத்தம் கொடுத்தால் கழுத்தை நீட்டிப் பார்க்கும், அப்போது இறகும் வெறும் தோலும் சேருகிற இடத்தில் குறி வையுங்கள். ரவைக் கூட்டத்தின் நடு அங்கே இருந்தால் தலையும் சேர்ந்து அடங்கும்.

சொந்தமாக நிரப்புவது. உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. ஈயத்தில் நிரப்பினால் பெரிய மிச்சம் இல்லை, நிரப்பும் அச்சு, தராசு, கருவிக் காசு வர ஆண்டுகள் ஆகும். டிஎஸ்எஸ்ஸில் மிச்சம் உண்டு, அதிலும் சின்னக் கேஜில்: ஒரு பவுண்டு ரவை வாங்கினால் 1⅝ அவுன்ஸ் வீதம் 12 கேஜுக்கு ஒன்பது தோட்டா, .410-க்கு 13/16 அவுன்ஸ் வீதம் பத்தொன்பது. செய்முறை கேட்க எளிது. சுட்டு முடித்த தோட்டாக் கூட்டைப் பார்த்து வெடிப்பு இருந்தால் தூக்கிப்போடு, பழைய பிரைமரை (வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு பகுதி) தட்டி எடுத்துவிட்டுப் புதிய 209 பிரைமர் அழுத்து, வெடிமருந்தை எடை பார்த்துப் போடு, ரவையைத் தாங்கும் பிளாஸ்டிக் கிண்ணத்தை இறக்கு, ரவை போடு, வாயை மடி. ஆனால் இந்த ஒவ்வொரு பொருளும் அழுத்தத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும். கூடு எந்த நிறுவனத்தினுடையது, பிரைமர் எது, மருந்து எது, எத்தனை கிரெயின் (மருந்தை நிறுக்கும் சின்ன எடை அலகு), கிண்ணம் எது, ரவை எத்தனை அவுன்ஸ் என்று வெடிமருந்து நிறுவனம் சோதித்து வெளியிட்ட அட்டவணையில் ஒரு வரி இருக்கும். அந்த வரியை அப்படியே பின்பற்ற வேண்டும். பிரைமர் கிடைக்கவில்லை, வேறு பிராண்டு போடுகிறேன் என்றால் அழுத்தம் ஆயிரக்கணக்கில் மாறக்கூடும், வெளியே பார்த்தால் தோட்டா அச்சாக அதேபோல் இருக்கும்.

டிஎஸ்எஸ்ஸில் இது இன்னும் கறார். ஈயத்துக்கான கணக்கில் அதே எடை டிஎஸ்எஸ்ஸைக் கொட்டுவது தவறு. அது ஈயம்போல நசுங்கி இடம் கொடுக்காது, அழுத்தம் வேறாக ஏறும். கன அளவு குறைவு என்பதால் கூட்டுக்குள் இடம் மிஞ்சும், அடியில் கம்பளி அட்டை வைத்து நிரப்ப வேண்டும். மிகக் கடினமான உலோகம், சாதாரண மெல்லிய கிண்ணத்தைக் கிழித்துக்கொண்டு குழலைக் கீறிவிடும், ஆகவே தடித்த கிண்ணமும் சில நேரம் அதற்குள் மைலார் என்ற பிளாஸ்டிக் தாள் சுற்றும் தேவை. மருந்தைக் கண்ணளவாக, குழியளவாக அளக்கும் பழக்கம் இங்கே உதவாது, அச்சோடு வரும் அளவுக் குழி எத்தனை கிரெயின் தள்ளுகிறது என்பதே கை வேகத்தைப் பொறுத்து மாறும். வான்கோழித் தோட்டாவை ஒவ்வொன்றாகத் தராசில் நிறுத்துத்தான் போடுகிறேன், ஒரு மாலைக்குப் பத்துக்கு மேல் செய்வதில்லை, அந்த நேரம் தொலைக்காட்சி, கைப்பேசி இரண்டும் வேறு அறையில். மருந்து இரண்டு முறை விழுந்தால் துப்பாக்கி உடையும். விழாமலே போனால் கிண்ணம் குழலுக்குள் சிக்கி அடுத்த தோட்டா அதன் மேல் மோதும். சத்தம் வழக்கத்தைவிட மெலிதாகக் கேட்டால் அடுத்ததைப் போடாமல் குழலைத் திறந்து பாருங்கள். என் ஆலோசனை, இந்த ஆண்டு நிரப்பாதீர்கள். நிரப்பக் கற்க ஆசையென்றால் களிமண் தட்டு சுடும் லேசான 2¾ அங்குலத் தோட்டாவில் தொடங்கி, சில நூறு செய்த பிறகு இதற்கு வாருங்கள்.

விசா பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். ஃபெடரல் சட்டப்படி எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கில்தான் நீங்கள் நிற்கிறீர்கள். பென்சில்வேனியா உரிமம் ஜூன் 30-ஆம் தேதியோடு முடிகிறது, புதுப்பிக்காமல் ஒரு நாள் விட்டாலும் வீட்டிலிருக்கும் துப்பாக்கி சிக்கலாகிவிடும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: அந்தச் சட்டம் தோட்டா என்று சொல்லும்போது பிரைமர், வெடிமருந்து, பிரைமர் பொருத்திய கூடு எல்லாமே அதில் அடக்கம். இந்த நிரப்பும் சாமான்களை வாங்கினாலும் அதே விதிதான். நான் வக்கீல் இல்லை, குடியேற்ற வக்கீல் ஒருவரிடம் ஒரு முறை கேட்டு எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரவை அளவுக்கும் துப்பாக்கியில் ஒரு நேரத்தில் எத்தனை தோட்டா என்பதற்கும் மாநில விதி இருக்கிறது, உரிமத்தோடு வரும் கையேட்டில் பாருங்கள்.

ஈயம் இறைச்சியில் கலக்குமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். கலக்கும், அது உறுதி. ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை, குழந்தைகளுக்கு இன்னும் கெடுதல். கலிஃபோர்னியா 2019 ஜூலை முதல் எல்லா வேட்டையிலும் ஈயத்தைத் தடுத்துவிட்டது. தலையில் படும் குறியில் நெஞ்சுக்கறிக்கு அதிகம் போகாது, ஆனாலும் ஓரிரு ரவை வழிதவறும். கறியை வெட்டும்போது விரலால் தடவிப் பாருங்கள், நீலம்பாய்ந்த இடம் தெரிந்தால் சுற்றி இரண்டு அங்குலம் தாராளமாக வெட்டி எறியுங்கள். டிஎஸ்எஸ் ரவையும் அப்படித்தான் தேடி எடுக்க வேண்டும், அது பல்லை உடைக்கும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பதாகச் சொல்கிறீர்கள், அந்த ஒரு காரணத்துக்காகவே நான் ஈயத்தை விட்டேன்.

ஆக உங்களுக்கு நான் எழுதித்தருவது இதுதான்: 3 அங்குலம், டிஎஸ்எஸ் 9, 1⅝ அல்லது 1¾ அவுன்ஸ், ஐந்து தோட்டாப் பெட்டி இரண்டு. துப்பாக்கியோடு வந்த ஃபுல் சோக்கிலேயே முதலில் சுட்டுப் பாருங்கள், தனிச் சோக்குக்கு உடனே காசு போடாதீர்கள். சீசனுக்கு மூன்று வாரம் முன்னால், ஒரு குளிர்ந்த காலையில் போய்ச் சுட்டு, 40, 30, 15 கஜத் தாள்களில் எத்தனை ஓட்டை, நடு எங்கே விழுந்தது என்று குறித்து இங்கே போடுங்கள். படம் எடுத்துப் போட்டால் இன்னும் நல்லது, சோக்கை மாற்றுவதா சைட்டைத் திருத்துவதா என்று சேர்ந்து பார்க்கலாம்.